மருந்துக் காம்பரா

மேல் தட்டில் இருந்த போத்தல்களை எல்லாம் றிகாஸ் பிளாஸ்டிக் கூடைக்குள் அடுக்கத் தொடங்கிய பிறகுதான், அவன் என்ன செய்யப் போகிறான் என்று ஷிஃபானாவுக்கு விளங்கியது. பாய்ந்து போய்ப் புருஷனின் கையைப் பிடித்தாள்.

"எங்க கொண்டு போறீங்க?"

"பின்னுக்குத் தண்ணி போற கானுக்குள்ள ஊத்தப் போறன். பொலிஸ் வாறதுக்குள்ள இந்தக் காம்பரா துப்பரவா இருக்கணும்."

"ஊத்தினா நாம எதையோ ஒளிக்கிற மாதிரித்தானே இருக்கும்? கீழ வைங்க."

"அப்ப மாமாவ வெட்டட்டும் எண்டு சொல்றியா?"

அடுத்த அறையில் ஓதிக்கொண்டிருந்த பெண்களின் குரல் ஒரு கணம் தடுமாறி மறுபடி ஏறியது. அங்கே கட்டிலில், வெள்ளைத் துணிக்குக் கீழே, ஷிஃபானாவின் வாப்பா அபூதாஹிர் கிடந்தார். றிகாஸ் தலையைக் குனிந்துகொண்டான். கூடையைக் கீழே வைத்தான். அவன் கெட்டவன் இல்லை. மாமனாரை மண்ணுக்குள் முழுசாக வைக்க வேண்டும் என்பதுதான் அவனுடைய கவலையும்.

இத்தனைக்கும் காரணம் ஒரு சொல்.

விடிகாலைச் சுபஹுத் தொழுகைக்கு எழுப்பப் போன உம்மாதான் முதலில் கண்டாள். பின்பக்கத்து அறையில், சாய்மனைக் கதிரையில் சாய்ந்தபடியே அவர் போய்விட்டிருந்தார். உம்மா போட்ட சத்தத்தில் முன்வீட்டுச் சரீப் ஓடிவந்தார். என்ன நடந்தது என்று கேட்டார். "ராவு மருந்து குடிச்சிட்டுச் சாஞ்சவர் தம்பி, எழும்பல்ல" என்றாள் உம்மா. அவள் சொன்னது பிரஷருக்கும் நெஞ்சுக்கும் கிளினிக்கில் கொடுத்த குளிசைகளை. ஆனால் அந்த ஊரில் காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, வயலுக்கு அடிப்பதும் மருந்து, வாழ்க்கை வெறுத்துப்போன ஆள் விழுங்குவதும் மருந்துதான். போதாக்குறைக்கு அபூதாஹிரின் பின்னறை முழுக்க இருந்த போத்தல்களுக்கும் அவர்கள் குடியிருந்த ஒழுங்கையில் அதுதான் பெயர். அந்த அறையையே மருந்துக் காம்பரா என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

சரீப்புக்கு மனது நல்லது, வாய்தான் நிற்காது. மவுத்து அறிவிக்கச் சொல்லிப் பள்ளிவாசலுக்குப் போன் எடுத்தவர், பதற்றத்தில் உம்மாவின் வார்த்தையில் பாதியை விட்டுவிட்டார். "அபூதாஹிர் நானா மருந்து குடிச்சிட்டாராம்" என்ற அளவில் அது பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. அவ்வளவுதான். முதலில் பொலிசுக்கு அறிவியுங்கள், மரண விசாரணை முடியட்டும், அதற்குப் பிறகு ஒலிபெருக்கியில் சொல்கிறோம் என்றுவிட்டார்கள் நிர்வாகத்தார். கபுறு தோண்டுவதற்குப் புறப்பட்டவர்கள் மண்வெட்டியோடு திரும்பிப் போனார்கள். உம்மா வாயைத் திறந்து மறுபடி ஒன்றும் சொல்லவில்லை. தன் வாயால் வந்த வினை என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

விசாரணை அதிகாரி சந்தேகப்பட்டால் மையித்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள். அங்கே நெஞ்சிலிருந்து வயிறு வரை கீறுவார்கள். அடக்கம் நாளைக்கோ மறுநாளைக்கோ தள்ளிப் போகும். உடம்பு மண்ணுக்குள் போன பிறகும் மருந்து குடித்த அபூதாஹிர் என்ற பெயர் ஒழுங்கையில் நிற்கும். இதையெல்லாம் நினைக்க நினைக்க ஷிஃபானாவுக்கு அழுகைகூட வரவில்லை.

அறையைச் சுற்றிப் பார்த்தாள். அது வாப்பாவின் பைத்தியம். அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள்.

வாலிபம் முழுவதும் துறைமுகத்து இழுவைப் படகின் எஞ்ஜின் அறையில் கிடந்த மனிதர். எஞ்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரில் கடலுப்பு கலந்துவிட்டதா என்று அறிய அதில் சில துளி விட்டு நிறம் பார்ப்பது அங்கே வேலை. தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்த்து அன்றைக்கு மயங்கினவர்தான், இன்னும் தெளியவில்லை என்பாள் உம்மா. பென்சனோடு வீட்டுக்கு வந்ததும் ஆய்வுகூடம் போடப் போகிறேன் என்றார். அதற்கு இலட்சக்கணக்கில் வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். வாப்பா சிரித்துவிட்டு, நகைக்கடையில் கழித்துவிட்ட சின்னத் தராசு ஒன்றோடு தொடங்கினார். துளித்துளியாக அளந்து விடும் கண்ணாடிக் குழாய்க்குப் பதிலாக, சேலைன் ஏற்றும் குழாயை எடுத்து ஊசியில்லாத சிரிஞ்சில் பொருத்தினார். பழைய கம்பியூட்டரின் காற்றாடியில் காந்தத்தை ஒட்டியதும் அது கலக்கும் மெசின் ஆயிற்று. பிஸ்கட் டின் ஒன்றின் உள்பக்கத்தில் கறுப்பு மை பூசி, ஒரு ஓரத்தில் சின்ன பல்பையும் எதிர் ஓரத்தில் கைபேசிக் கமராவையும் வைத்தார். நடுவில் தண்ணீரை வைத்தால் அதன் நிறம் எவ்வளவு கடும் என்று கைபேசி இலக்கத்தில் சொல்லும். வடித்த தண்ணீர் தேவைப்பட்டபோது உம்மாவின் பிரஷர் குக்கர் போயிற்று. அதன் விசில் வாயில் செப்புக் குழாய் முளைத்திருப்பதைக் கண்ட உம்மா, அவரோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படித்தவள் என்பதால் கையாள் ஷிஃபானாதான். புளிப்பையும் காரத்தையும் அளக்கும் பேனா மாதிரி ஒரு சாமானைச் சீனாவிலிருந்து வரவழைத்துக் கொடுத்தவளும் அவள்தான். ஒழுங்கைச் சனம் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவரும். கந்தளாயில் வாங்கிய தேனில் சீனிப்பாகு இருக்கிறதா என்று கேட்டுக்கூட ஒருவர் வந்தார். வாப்பா யாரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை. கேட்டால், சந்தோசத்துக்குச் செய்யும் வேலைக்கு என்ன கூலி என்பார்.

இன்றைக்குச் சிக்கல் அந்தச் சாமான்களில் இல்லை. சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்து மேசையில் இருந்த தேத்தண்ணிக் கிளாஸில் இருந்தது. அதில் பாதியளவுக்கு ஊதா நிறத்தில் ஏதோ இருந்தது.

செவ்வரத்தம்பூ அவித்த தண்ணீர் என்று ஷிஃபானாவுக்குப் பார்த்ததும் தெரிந்தது. விலை கொடுத்து வாங்கும் நிறங்காட்டிக்குப் பதிலாக வாப்பா அதைத்தான் வைத்திருந்தார். தேசிக்காய்ப் புளி விட்டால் சிவக்கும், அப்பச்சோடா போட்டால் பச்சையாகும். பிரஷருக்கு நல்லது என்று இடைக்கிடை அதையே குடிக்கவும் செய்வார். ஆனால் அந்தத் தண்ணீருக்குள் அவர் என்னென்னவோ விட்டுச் சோதித்தும் பார்ப்பார். இது குடிக்க வைத்ததா, சோதிக்க வைத்ததா?

இன்னொரு நினைப்பும் வந்தது. அதை நினைக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. போன மாதம், இருதயத்தில் அடைப்பு, நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். "என்ன வெட்ட மட்டும் விட்டுடாதீங்க" என்றார் வாப்பா. அதற்குப் பிறகு கதை குறைந்துபோனது. மணிக்கணக்கில் இந்தக் கதிரையில் சும்மா இருந்தார். மேல் தட்டின் மூலையில் ஒரு கபிலநிறப் போத்தல் உண்டு. 'இதத் தொடாத மகள், இது விளையாட்டுச் சாமான் இல்ல' என்று அவர் ஒரு தடவை சொல்லியிருந்தார். ஷிஃபானா அதைக் கூடையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே தூள் இருந்தது. குறைந்திருக்கிறதா? தராசில் நிறுக்கலாம். ஆனால் முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தானே நிறுத்துப் பிரயோசனம். போத்தலை மறுபடி மேல் தட்டில் வைத்துவிட்டுக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள்.

மரண விசாரணை அதிகாரி இராகுலன் ஒரு பொலிஸ் சார்ஜனோடு வந்தார். நரைத்த தலை, தேய்ந்த பைல் ஒன்று கையில். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, மையித்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் கைகட்டி நின்றார். துணியை விலக்கி வாயையும் கண்ணையும் நகத்தையும் பார்த்தார். கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிறகு பின்னறைக்கு வந்தார்.

வாசலிலேயே நின்றுவிட்டார். "இதென்ன தங்கச்சி, ஆஸ்பத்திரி லாப் மாதிரி இருக்குது?"

"வாப்பாட பொழுதுபோக்கு. தண்ணி சோதிக்கிறவர்."

"ஆர் பழக்கினது?"

"ஒருத்தருமில்ல. தானே பழகினவர்."

அவர் பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்தார். குக்கரின் செப்புக் குழாயை விரலால் தடவினார். வேறொரு நாளாக இருந்தால் வாப்பா அந்த மனிதரை மத்தியானச் சாப்பாடு வரைக்கும் போக விட்டிருக்க மாட்டார் என்று ஷிஃபானாவுக்குத் தோன்றியது. சார்ஜன் கிளாஸைக் குனிந்து முகர்ந்தார். "ஐயா, இது என்னா தண்ணி? நிறம் சரியில்ல" என்றார்.

இராகுலன் பெருமூச்சு விட்டார். "தங்கச்சி, நான் ஒளிவுமறைவில்லாமல் கதைக்கிறன். கொப்பியிலை இருதய வருத்தம் எண்டு தெளிவாய்க் கிடக்குது. உடம்பிலையும் ஒரு அடையாளமும் இல்லை. மற்ற வீடெண்டால் இவ்வளவுக்குக் கையெழுத்து வைச்சிட்டுப் போயிருப்பன். ஆனா பொலிசிலை மருந்து குடிச்சதெண்டு பதிஞ்சாச்சு. வந்து பாத்தால் அறை முழுக்கப் போத்தல். பக்கத்திலை இந்தக் கிளாஸ். இதை நான் எப்படி விட்டிட்டுப் போறது?"

"அது செவ்வரத்தம்பூத் தண்ணி, ஐயா."

"அது மட்டும்தான் எண்டு உங்களாலை சொல்ல ஏலுமா?"

ஷிஃபானா கிளாஸை உற்றுப் பார்த்தாள்.

"இவ்வளவு மெசின் இருக்குது. அப்பாவோட நிண்டு பழகியிருக்கிறியள். இதுகளிலை ஒண்டிலை வைச்சுப் பாத்துச் சொல்ல ஏலாதோ?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே வழி தேடித்தான் கேட்டார். ஷிஃபானா ஒவ்வொரு சாமானாகப் பார்த்தாள். தராசு பாரம் சொல்லும். டின் நிறம் சொல்லும். பேனா புளிப்புச் சொல்லும். ஒழுங்கையில் எத்தனையோ கிணறுகளுக்கு இவை பதில் சொல்லியிருக்கின்றன. பொய் சொன்னால் என்ன என்று ஒரு தரம் நினைத்தாள். பேனாவைத் தோய்த்து, ஏதாவது ஒரு இலக்கத்தைக் காட்டி, ஒன்றுமில்லை ஐயா என்றால் இந்த மனிதர் நம்பிவிடுவார். வாப்பாவின் அறையில் நின்றுகொண்டு அதை மட்டும் அவளால் செய்ய முடியவில்லை.

"ஏலாது ஐயா. புளிப்பா காரமா எண்டு சொல்லும். நஞ்சா இல்லையா எண்டு இதுகள் சொல்லாது."

இராகுலன் தலையாட்டினார். "அப்ப எனக்கும் வேறை வழியில்லை. குறை நினைக்காதேங்கோ. ஆஸ்பத்திரிக்கு அனுப்பத்தான் வேணும்."

றிகாஸ் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். சார்ஜன் கிளாஸை எடுத்துப் பொதி பண்ணுவதற்காகப் பையைத் தேடினார்.

அப்போது அடுத்த அறையில் பெண்கள் கலைந்து சத்தம் போட்டார்கள். "மாமி, வெளிய போகாதீங்க, பிற ஆம்புளையள் நிக்கிறாங்க." "இத்தா இருக்கிற பொம்புளை, ஒருத்தரும் புடிக்க மாட்டீங்களா?" யாராலும் பிடிக்க முடியவில்லை. வெள்ளை முக்காட்டோடு உம்மா பின்னறை வாசலில் வந்து நின்றாள். புருஷன் செத்த வீட்டில் அந்நிய ஆண்களுக்கு முன்னால் வரக்கூடாது என்ற முறையை ஷிஃபானாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். உம்மா யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. நேராக மேசைக்குப் போனாள். கிளாஸை எடுத்தாள். பிஸ்மி சொன்னாள். மடக்மடக்கென்று முழுவதையும் குடித்துவிட்டு வெறும் கிளாஸை மேசையில் வைத்தாள்.

"சீனி போடல்ல" என்றாள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "என்ன வேலையம்மா செய்தனீங்கள்!" என்று இராகுலன் பதறினார். சார்ஜன் ஜீப்பை எடுக்கச் சொல்லி வெளியே ஓடினார். ஷிஃபானா உம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உம்மா, துப்புங்க, வாயில கைய வைச்சுச் சத்தி எடுங்க. உம்மா!" அவளுடைய பார்வை மேல் தட்டுக்குப் போயிற்று. அந்தக் கபிலநிறப் போத்தலின் மூடி இறுக்கமாக இருந்ததா என்று அவளுக்கு இப்போது ஞாபகம் வரவில்லை. ஒரே நாளில் இரண்டு பேரையுமா என்று நினைத்தாள்.

உம்மா அவளுடைய கையை மெல்ல விலக்கினாள். "நான் ஒரு இடமும் வரல்ல. இவரக் குளிப்பாட்டி எடுக்கும் வரைக்கும் இஞ்சதான் இருப்பன். ஐயாவ இருந்து பாக்கச் சொல்லு." அவ்வளவுதான். வாப்பாவின் சாய்மனைக் கதிரையில் போய் உட்கார்ந்தாள். அந்தக் கதிரையில் அவள் உட்கார்ந்து ஷிஃபானா பார்த்ததில்லை.

இராகுலன் பார்த்தார். வேறு என்ன செய்வார்? ஒரு கதிரையை வாசலுக்கு வெளியே போட்டுக்கொண்டு, தேத்தண்ணியும் வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார். வெளியே ஜீப் எஞ்ஜின் ஓடிக்கொண்டே நின்றது. "அம்மாக்குத் தலை சுத்துதா எண்டு கேளுங்கோ." கேட்டாள். இல்லை. "வயித்தெரிச்சல்?" இல்லை. உம்மாவின் விரல்கள் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தன. ஷிஃபானா அவளுடைய காலடியில் இருந்து, அந்த விரல் நிற்கிறதா நிற்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். துறைமுகத்தில் ஏதோ கப்பல் நீளமாக ஊதியது. சார்ஜன் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்து படியில் குந்தினார். கிட்டப் போவதற்கு யாருக்கும் துணிவில்லை. வெயில் முற்றத்தைக் கடந்து அறைக்குள் வந்தது.

மத்தியான லுஹருக்குப் பாங்கு சொன்னபோது உம்மா எழும்பி, தள்ளாடாமல் நடந்துபோய், தொழுகைக்குக் கைகால் கழுவி வுளுச் செய்தாள். இராகுலன் அதைப் பார்த்துக்கொண்டே பைலைத் திறந்தார்.

"என்ரை சேர்விஸிலை இப்பிடி ஒரு சாட்சியை நான் கண்டதில்லை" என்று றிகாஸிடம் சொன்னார். அவருக்குக் கோபமும் இருந்தது, குரலில் தெரிந்தது. "இருதய வருத்தம் எண்டு எழுதிறன். பொலிசிலை பதிஞ்சதுக்கு, வீட்டுக்காரர் சொன்னதைப் பிழையாய் விளங்கினது எண்டு போடுறன். அம்மாவை எதுக்கும் இரவு வரைக்கும் கவனியுங்கோ." கையெழுத்து வைத்தார். போகும்போது மறுபடியும் மையித்துக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுச் செருப்பைப் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. "இன்னாலில்லாஹி" என்று தொடங்கி, வாப்பாவின் பெயரையும், அவருடைய வாப்பாவின் பெயரையும், றிகாஸின் மாமனார் என்பதையும் சொல்லி, அஸர் தொழுகைக்குப் பின் ஜனாஸா நல்லடக்கம் என்று அறிவித்தது. எல்லா மவுத்துக்கும் சொல்கிற அதே வார்த்தைகள்தான். குசினி வாசலில் நின்று அதைக் கேட்ட ஷிஃபானா, அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடந்தது. மண்வெட்டிகள் மையவாடிக்குப் போயின. இலந்தை இலை போட்ட தண்ணீரில் ஆண்கள் வாப்பாவைக் குளிப்பாட்டினார்கள். சரீப் தண்ணீர் அள்ளி அள்ளிக் கொடுத்தார். ஒருவரோடும் கதைக்கவில்லை. கபன் துணி பொதிந்து முகம் காட்டியபோது உம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தாள், தொடவில்லை. சந்தூக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆண்கள் ஒழுங்கை முனையில் திரும்பும் வரை பெண்கள் ஜன்னலில் நின்றார்கள். வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது.

வந்திருந்த பெண்களில் பாதிப் பேர் போன பிறகு, ஷிஃபானா கஞ்சி எடுத்துக்கொண்டு உம்மாவின் அறைக்குப் போனாள். உம்மா பாயில் சுவரோடு சாய்ந்திருந்தாள். இரண்டு கரண்டி குடித்துவிட்டுப் போதும் என்றாள். ஷிஃபானா கோப்பையை வாங்கி வைத்தாள். கேட்பதா விடுவதா என்று தயங்கினாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உம்மா, அதுக்குள்ள ஒண்டுமில்ல எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? வாப்பா சொன்னவரா?"

உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"தெரியாது" என்றாள்.

"தெரியாமலா குடிச்சீங்க?"

"எனக்கு என்ன தெரியும் அவர்ட சாமான்களப் பத்தி? நீதான் படிச்ச." உம்மா மகளைப் பார்க்காமல் வாசல் பக்கம் பார்த்தாள். "தேத்தண்ணியெண்டாலும் கோப்பியெண்டாலும் பாதி குடிச்சிட்டுப் பாதி எனக்கு வைப்பார். கலியாணம் முடிச்ச நாளையிலிருந்து அப்பிடித்தான். காலையில நான் போகக்குள்ளயும் பாதி இருந்த. எனக்கு வைச்சத ஆஸ்பத்திரிக்குக் குடுக்கச் சொல்றியா?"

உம்மாவின் கீழ் உதட்டில் ஊதாச் சாயம் இன்னும் ஒட்டியிருப்பதை அப்போதுதான் கண்டாள். செம்பிலிருந்த தண்ணீரில் ஷோல் முனையை நனைத்து, உம்மாவின் நாடியை நிமிர்த்திப் பிடித்து உதட்டைத் துடைக்கப் போனாள். உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இருக்கட்டும் விடு, மகள்."